இரு கரை மண், ஒரு கும்பம்: வெடித்த கதை

கருமண்ணையும் வெளிர்மண்ணையும் பட்டை பட்டையாகச் சேர்த்துச் செய்த முதல் கும்பம் சூளைக்குப் போகவே இல்லை. நிழலில் காய விட்ட நாலாம் நாள் காலையில் சாக்கை விலக்கிப் பார்த்தால் வயிற்றுப் பக்கத்தில் ஏழெட்டு வெடிப்பு. மயிரிழை வெடிப்பென்றால் தேய்த்துச் சமாளிக்கலாம். இது நகம் நுழையும் அகலம். இரண்டு மண்ணும் ஒட்டவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். குந்தியிருந்து கிட்டப் பார்த்தபோது கதை வேறு. மண் இரண்டும் சேரும் கோட்டின் வழியே ஒரு வெடிப்பும் போகவில்லை. கருமண் பட்டையைக் குறுக்கே பிளந்துகொண்டு வந்து, வெளிர்மண் தொடங்கும் இடத்தில் டக்கென்று நின்றிருந்தது. அடுத்த கருமண் பட்டையிலும் அப்படியே. வற்றிய குளத்தின் அடியை நாடாவாக அறுத்துக் கும்பத்தைச் சுற்றிக் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

ஒட்டாத மண் என்றால் கோட்டோடு பிரிந்து வரும். இங்கே ஒட்டு நன்றாகவே பிடித்திருந்தது. பிடித்தபடியால்தான் வெடித்தது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு மாதமும் பதினொரு கலமும் செலவாகின. அந்தக் கணக்கை அப்படியே எழுதி வைக்கிறேன். களிமண்ணில் கை வைக்கிற யாருக்காவது ஒரு சூளை விறகாவது மிஞ்சட்டும்.

கேட்டது என்ன

மட்டக்களப்பில் ஒரு பொது மண்டபத்தின் வாசலுக்கு மூன்று கும்பங்கள் கேட்டார்கள். ஒவ்வொன்றும் 45 சென்ரிமீற்றர் உயரம். படுவான்கரை மண்ணும் எழுவான்கரை மண்ணும் ஒரே கலத்தில் இருக்க வேண்டும், ஆனால் இரண்டும் வேறு வேறாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. வெளியூர் வாசகருக்காக ஒரு வார்த்தை: இங்கே எல்லாவற்றுக்கும் நடுவில் வாவி, அதாவது கடலோடு தொடுக்கும் உவர்நீர் ஏரி, கிடக்கிறது. அதற்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. வட்டை (வயல்வெளி), குளம், மாட்டுப்பட்டி எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கே, சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுக்கமாக நீளும் மணல் நிலம். ஊர்கள் நெருக்கமாக இருப்பதும் அங்கேதான்.

யோசனை எனக்கும் பிடித்திருந்தது. கும்பம் என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி நடக்கிற ஊர்கள் இரண்டு கரையிலும் உண்டு. மடை பரப்பிக் கும்பம் வைக்காத சடங்கு இங்கே அரிது. அதனால் கூட்டத்தில் நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். இந்த இரண்டு மண்ணும் சேர்ந்து காயுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்தான், மண்பாண்டக் கலை படித்தவன் என்று என்னைத்தானே கூப்பிட்டார்கள்.

மண் இரண்டையும் பற்றிச் சொல்லவேண்டும். படுவான்கரைக் களியை ஒரு வட்டையில், உழவு மண்ணுக்குக் கீழே முழங்கை ஆழத்தில் எடுத்தோம். (களி எடுக்கவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். குயவர் வீடுகளில் மண்ணைவிட அதிகம் பேசப்படுவது இந்தப் பத்திரம்தான்.) ஈரத்தில் கருஞ்சாம்பல் நிறம். விரலில் ஒட்டினால் சவர்க்காரம் போட்டாலும் லேசில் போகாது. இரும்பு நிறைய இருப்பதால் சுட்டால் செங்கல் சிவப்பு. எழுவான்கரை மண் வாவி ஓரத்தில் எடுத்தது. வெளிர்சாம்பல் நிறம், நெருநெருவென்று மணல், சிப்பித் துண்டு, உப்பு. இதிலும் இரும்பு இருக்கிறது, ஆனால் சிப்பியின் சுண்ணாம்பு அந்தச் சிவப்பை அமுக்கிவிடும். 900 பாகை செல்சியஸ் தாண்டிச் சுட்டால் ஈர மணலின் நிறம் வரும். ஒன்று செங்கல், ஒன்று மணல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு விருந்துதான்.

உதவிக்கு இரண்டு மாணவர்களும் ஒரு பெரியம்மாவும். பெரியம்மா எழுபதைத் தாண்டியவர். தயிர்ச்சட்டி செய்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். எருமைத் தயிர் கட்டியாக நிற்பதில் பாதிப் பெருமை அவர் செய்கிற சட்டிக்குத்தான். பூச்சில்லாத மண்சட்டி தயிரின் தண்ணீரை உறிஞ்சி வெளியே கசிய விடும். நாங்கள் கருமண்ணையும் வெளிர்மண்ணையும் துண்டு துண்டாக அடுக்கி, பத்துத் தரம் மட்டும் பிசைந்து சக்கரத்துக்குக் கொண்டுபோனதைப் பார்த்ததும் அவர் முகம் கோணிவிட்டது.

"என்ன மனே இது, அரைவாசி மிதிச்ச களியைக் கொண்டுபோய் சக்கரத்தில வைக்கிறாய்?"

கோடு தெரிய வேண்டும் பெரியம்மா, அதற்காகத்தான் அரைகுறையாக விடுகிறோம் என்றேன்.

"கோடு தெரிஞ்சா அது இன்னும் களியாகல்ல. மறுகா வெடிச்சிட்டு எண்டு என்னட்ட வந்து நிக்காத."

அவர் காலமெல்லாம் இரண்டு மண் கலக்கிறவர்தான். வட்டைக் களி தனியாக நின்றால் வெடிக்கும், வாய்க்கால் மணல் தனியாக நிற்கவே நிற்காது. இரண்டையும் சேர்த்து, எது எது என்று தெரியாமல் போகும்வரை காலால் மிதிப்பார். ஒவ்வொரு தயிர்ச்சட்டியும் கலப்பு மண்தான், கலப்பு தெரியாது, அவ்வளவே. நாங்கள் செய்ய வந்தது கலப்பைப் பாதியில் நிறுத்துகிற வேலை. அந்தப் பாதிக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

உலகத்தில் இது புது வேலையும் அல்ல. சீனத்தில் தாங் அரச காலத்திலேயே இரு நிற மண்ணைப் பின்னிக் கலம் செய்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டஃபோர்ட்ஷயரில் அகேற் என்கிற கோடுபோட்ட கல்லைப் போல மண்கலம் செய்து விற்றார்கள். ஜப்பானில் இதற்கு நெரியாகே என்று பெயர். கசாமா ஊரில் பௌத்தக் கோயில் குருவாகவும் குயவராகவும் இருந்த மட்சுய் கோசெய் என்பவரை அந்த நாடு 1993இல் இந்தக் கலைக்காகவே வாழும் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்தது. அவர் பெயரைப் பிறகு ஒரு தரம் சொல்லவேண்டி வரும்.

வெடிப்பைப் படித்தது

முதல் கும்பம் போனதும் கச்சான் காற்றைத்தான் குற்றம் சொன்னோம். ஆனி மாதம், மேற்கேயிருந்து அனலாக அடிக்கும் காற்று, ஒரு பகலில் பானை விளிம்பு விறைத்துவிடும். சரி என்று இரண்டாவதைப் பொலித்தீனால் சுற்றி, மேலே நனைந்த சாக்குப் போட்டு, மூன்று வாரம் காயவைத்தோம். வெடிப்பு குறைந்தது. போகவில்லை. அதே மாதிரி, கருமண்ணைக் குறுக்கே.

அப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒவ்வொரு மண்ணிலும் விரல் பருமனில் பட்டைகள் தட்டி, ஈரத்திலேயே சரியாக 10 சென்ரிமீற்றருக்கு இரண்டு கீறல் போட்டுக் காயவைத்து அளந்தோம். வட்டைக் களியில் கீறல் இடைவெளி 8.9க்கு வந்திருந்தது. வாவி மண்ணில் 9.5. சுட்ட பிறகு முறையே 8.7, 9.4. கையில் இரண்டு பட்டையையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்று மற்றதைவிடக் குட்டை என்பது அளவுகோல் இல்லாமலே தெரிந்தது.

இதைக் கும்பத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வயிற்றைச் சுற்றி 30 சென்ரிமீற்றர் ஓடும் ஒரு கருமண் பட்டை, காயும்போது வாவி மண்ணைவிட ஏறத்தாழ 1.8 சென்ரிமீற்றர் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கிறது. பக்கத்து வெளிர்மண் விடாது, அது தன் அளவில் காய்ந்து விறைத்து நிற்கிறது. இழுபடுகிற மண் ஈரமாக இருக்கும்வரை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஈரம் போனதும் அறுந்துவிடும். அறுவது சுருங்க விரும்புகிற மண்ணில்தான், இழுப்புக்குக் குறுக்கேதான். அன்றைக்குப் பார்த்த வெடிப்பு நின்ற இடம் இதைத்தான் சொல்லியிருக்கிறது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? வட்டைக் களியின் துகள் மிக நுணுக்கம். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் தண்ணீர் ஒரு படலமாக நிற்கிறது. அந்தத் தண்ணீர் போனதும் துகள்கள் நெருங்குகின்றன, மண் சுருங்குகிறது. வாவி மண்ணில் மணல் அதிகம். மணல் தண்ணீரைப் பிடிக்காது, சுருங்காது. பெரியம்மா வட்டைக் களிக்கு மணல் போடுவதும் இதே கணக்குத்தான், அவர் அளவுகோல் வைத்துப் பார்த்ததில்லை.

இன்னொரு பிழையும் எங்கள் பக்கம் இருந்தது. மண் இரண்டையும் சேர்க்கும்போது ஈரம் சமமாக இல்லை. கருமண் குழைவாக, வெளிர்மண் கொஞ்சம் இறுகி. இரண்டிலும் ஒரே பலத்தில் பெருவிரலை அழுத்தி, குழி ஒரே ஆழமா என்று பார்த்த பிறகே அடுக்க வேண்டும். மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், ஈரமானியால அளக்கலாமே?" அளக்கலாம். பெருவிரல் எப்போதும் கையோடு இருக்கிறது.

சிப்பி

அடுத்த சுற்றில் கருமண்ணுக்குச் சுட்ட ஓட்டுத்தூள் போட்டோம். பெரியம்மா வீட்டுப் பின்வளவில் உடைந்த தயிர்ச்சட்டிகள் குவியலாகக் கிடந்தன, அவற்றை உரலில் இடித்துச் சலித்தோம். ஒருதரம் சுட்ட மண் திரும்பச் சுருங்காது, ஆகவே கலவையின் சுருக்கத்தை இழுத்துப் பிடிக்கும். வாவி மண்ணைக் கொசுவலையில் வடித்துச் சிப்பியை எடுத்தோம். காய்வதில் வெடிப்பு இல்லை. 900 பாகையில் சுட்டோம். நாலு சிறு கலங்களும் முழுசாக வந்தன. படம் எடுத்தோம், அனுப்பினோம், பாராட்டு வந்தது.

பதினைந்து நாள் கழித்து மாணவி கூப்பிட்டுச் சொன்னாள்: "சேர், பானை இரவில சத்தம் போடுது."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்றிரவு பட்டறையில் விளக்கை அணைத்துவிட்டு இருந்தேன். வாவிப் பக்கத்து ஈரக்காற்று. கொஞ்ச நேரத்தில் அலுமாரிக்குள்ளிருந்து "டிக்" என்று ஒரு சத்தம், சாவியால் கண்ணாடியைத் தட்டியது போல. டோர்ச் அடித்துப் பார்த்தால் வெளிர்மண் பட்டையிலிருந்து ஒரு சில்லு தெறித்து விழுந்திருக்கிறது. விரல்நகம் அளவு. அது இருந்த இடத்தில் கூம்பு போலக் குழி, குழியின் அடியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. அதை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது.

சிப்பி என்பது கல்சியம் காபனேற்று. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. வெளியே வந்ததும் காற்றின் ஈரத்தைக் குடித்து நீற்றுச் சுண்ணாம்பாகி ஊதுகிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுகிறபோது கொதிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதே வேலை கலத்தின் சுவருக்குள்ளே நடக்கிறது, மேல்மண் தெறிக்கிறது. மாவாக நொறுங்கிய சுண்ணாம்பு வெடிக்காது, அது நிறத்தை மட்டும் வெளிறச் செய்யும். வெடிப்பது துண்டாக நிற்கும் சிப்பி. கொசுவலைக் கண் அதற்குப் பெரிசு.

இதில் ஒரு சிக்கல். மண்ணில் உப்பு இருந்தால் சிப்பி அவ்வளவாக வெடிக்காது. உலகின் பல பக்கங்களில் சிப்பித்தூள் கலந்து பானை செய்தவர்கள் உப்புநீர் சேர்த்ததற்கு இதுவே காரணம். வாவி மண்ணில் உப்பு இயற்கையாகவே இருக்கிறது. அதைக் கழுவாமல் விட்டால் சிப்பிக்குக் காவல். ஆனால் அப்படி விட்டால், காயும்போது உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும், சுட்ட பிறகு இரண்டு மண்ணின் கோட்டையும் ஒரே மங்கல் திரையாக மூடும். கோடு தெரிய வேண்டும் என்பதுதானே கேட்டவர்களின் நிபந்தனை. நான் கழுவுவது என்று முடிவெடுத்தேன். வாவி மண்ணை வாளிகளில் கரைத்து, தெளிய விட்டு, மேல்தண்ணீரை ஊற்றி, மூன்று தரம். பிறகு 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில். அந்த முடிவு முழுக்கச் சரி என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

ஒரே மண்ணை இரண்டாக்கியது

மட்சுய் கோசெய்க்கு இப்போது வருகிறேன். அவரும் முதலில் வேறு வேறு மண்ணைச் சேர்த்து வெடிக்க விட்டவர்தான். கடைசியில் அவர் பிடித்த வழி, தன்மையில் ஒன்று, நிறத்தில் வேறு என்பது. அடிமண் ஒரே மண். அதில் ஒரு பங்குக்கு ஒரு நிறப்பொருள், இன்னொரு பங்குக்கு வேறொன்று. சுருங்குவது எல்லாம் ஒரே மாதிரி, ஆகவே எந்தப் பட்டையும் மற்றதை இழுக்காது.

எங்களால் அப்படியே செய்ய முடியாது. ஒரே மண்ணில் செய்தால் இரு கரை எங்கே? நடுவழி ஒன்று எடுத்தோம். இரண்டு கலவையிலும் இரண்டு கரை மண்ணும் இருக்கும், அளவு மட்டும் மாறும். பத்துப் பங்குக் கணக்கில், கருங்கலவைக்கு வட்டைக் களி 6, வாவி மண் 2, ஓட்டுத்தூள் 2. வெளிர்க்கலவைக்கு வாவி மண் 7, வட்டைக் களி 1, வெண்களி 2. வெண்களி கொழும்புக்குக் கிட்ட பொரலஸ்கமுவப் பக்கத்தில் தோண்டி எடுப்பது, மூட்டையாக வாங்கினோம். அது நிறத்தை வெளுக்கும், மணல்மண்ணுக்குக் கொஞ்சம் குழைவும் தரும். பட்டை தட்டி அளந்தோம். கருங்கலவை காய்ந்து 9.25, வெளிர்க்கலவை 9.3. ஒரு மில்லிமீற்றரில் பாதி. சுருக்க வித்தியாசம் 1 சதவீதத்துக்கு உள்ளே நின்றால் பெரிய கலம் தாங்கும் என்பது என் அனுபவம்.

நிறம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. செங்கல் சிவப்பு தணிந்தது, மணல் நிறத்தில் ஒரு ரோஸ் சாயல் ஏறியது. மாணவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு இதுதான் பிடித்தது. முதலில் இருந்தது விளம்பரப் பலகையின் பளிச்சென்ற வித்தியாசம்.

செய்யும் முறையையும் மாற்றினோம், மாற்றியது பெரியம்மா. 45 சென்ரிமீற்றர் கும்பத்தைச் சக்கரத்தில் மெல்லிசாக இழுத்தால் கோடுகள் குழம்பிச் சேறாகிவிடும். அவர் சொன்னது: பாதி உயரத்துக்குத் தடிப்பாக வனைந்து, ஒருநாள் இறுக விட்டு, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டிப் பெருக்கு. அவர் தயிர்ச்சட்டியின் அடியை வட்டமாக்குவது அப்படித்தான். முழங்கால் இரண்டுக்கும் நடுவே கலத்தை வைத்து, இடது கையால் உள்ளே கல்லை நகர்த்தி, அது எங்கே நிற்கிறதோ அங்கேயே வெளியே ஒரு தட்டு. கல்லும் பலகையும் ஒருதரம்கூடப் பிசகவில்லை. நான் பார்க்காமல் கேட்டேன், சீராக ஒரே சத்தம். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து வயிறு புடைத்தது, ஒடுக்கமாக இருந்த கோடுகள் அகன்று வளைந்தன. இரண்டு மண்ணும் சேர்ந்த இடம் இறுகியது. அரைகுறைக் களி என்று திட்டியவரின் கையில்தான் அந்த ஒட்டு உறுதிப்பட்டது. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "தட்டினா எதுவும் நிக்கும்" என்றார்.

தட்டி முடித்த கலத்தில் கோடே தெரியாது. சக்கரத்திலும் பலகையிலும் பட்டு, மேலே ஒரு சேற்றுப்படலம், ஆறிய பால்தேத்தண்ணி நிறத்தில். தோல் பதத்துக்கு இறுகியதும் ஹெக்சோ பிளேட் துண்டால் சுரண்டத் தொடங்கினோம். முதல் சுரண்டலில் மங்கலாக ஒரு நிழல். இரண்டாவதில் ஓரம் பிடிபட்டது. மூன்றாவதில் கருங்கோடு, வெளிர்கோடு, கருங்கோடு என்று, வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கினால் வட்டம் வட்டமாகத் தெரியுமே, அப்படி. மாணவி சுரண்டுவதை நிறுத்தவே மறுத்தாள். இன்னும் சுரண்டினால் ஓட்டையாகும் என்று பிடுங்கி வைத்தேன். மினுக்கக் கூழாங்கல்லைக் கோட்டின் போக்கிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் சிவப்பு மணல் நிறத்தின்மேல் இழுபட்டு எல்லாம் பாழ்.

வாய் கறுத்தது

கேட்டவர்கள், கும்பத்தின் கழுத்தில் மீனும் தாமரையும் வரையச் சொன்னார்கள். மட்டக்களப்பு என்றால் மீன் போடாமல் விடமாட்டார்கள், வாவி மீன் பாடுகிறது என்பதற்காக. இரு மண் கோடு ஓடுகிற கலத்தில் மேலே படமும் போட்டால் இரண்டும் கெடும் என்று மறுத்தேன். பதிலுக்கு ஒன்று தருவதாகச் சொன்னேன்: பழைய கறுப்பு சிவப்பு.

கறுப்பு சிவப்பு மட்கலம் என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெருங்கற்கால ஈமத்தலங்களில் கிடைப்பது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடும் உண்டு, புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்பிலும் உண்டு. அந்தக் காலத்துக் கல்லறைத் தலம் ஒன்று நமது மாவட்டத்தின் வடக்கே கதிரவெளியிலும் இருக்கிறது. அந்தக் கலங்களின் உள்பக்கமும் வாயும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. இரண்டு மண் அல்ல, ஒரே மண். கலத்தைக் கவிழ்த்துச் சுட்டதால் வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வாய் உமியிலும் சாம்பலிலும் புதைந்து ஒட்சிசன் கிடைக்காத இடத்தில் இரும்பு கறுக்கிறது, புகைக்கரியும் ஏறுகிறது. காற்றுப் படுகிற வெளிப்பக்கத்தில் அதே இரும்பு சிவக்கிறது.

இதைப் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எங்கள் வெடிப்புகளோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. இரு நிறம் வேண்டுமென்று நாங்கள் இரு மண்ணைக் கட்டிப்போட்டு மல்லுக்கட்டினோம். அவர்கள் மண்ணைத் தொடாமல் நெருப்பிடம் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். வேறு வேறு மண் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இது என் ஊகம், தொல்லியலாளர் கோபிக்கக் கூடாது.

சுட்ட நாள் புரட்டாதியில், காற்று அடங்கிய ஒரு காலை. சூளையின் அடியில் ஒரு சாண் உமி, அதன் மேல் மரத்தூள், அதில் நாலு கும்பங்களையும் (மூன்று கொடுக்க, ஒன்று கைக்காவல்) கவிழ்த்துக் கழுத்துவரை புதைத்து ஓரத்தைச் சாம்பலால் அணைத்தோம். மேலே தேங்காய்ப் பொச்சும் பனங் கங்குமட்டையும் விறகும். வெளிப்பக்கத்துக்குத் தீ தாராளமாகப் படவேண்டும், உள்ளே காற்றுப் போகக் கூடாது. முதல் மூன்று மணி நேரம் கை சுடாத அளவுக்குப் புகைச்சல் மட்டும், ஈரம் போக. 573 பாகையில் மண்ணிலுள்ள மணல் படாரென்று பெருக்கும், அந்த இடத்தை மெதுவாகத் தாண்டினோம். முதலில் வெளிர் நிறத்துக்காக 900 என்று வைத்திருந்தேன், மிச்சமிருக்கக்கூடிய சிப்பியை நினைத்து 850இல் நிறுத்தினேன். 700க்குள் நிறுத்தினால் சிப்பி பெரும்பாலும் வேகாது, வெடிக்காது. ஆனால் இந்த மண்ணுக்கு 700 போதாது, கலம் தண்ணீரில் ஊறினால் சொதசொதத்துவிடும். வெண்களி கொஞ்சம் சேர்த்திருந்ததால் 850இலும் வெளிர்மண் நிறம் கைவிடவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் திறந்தோம். சாம்பலுக்குள்ளிருந்து முதல் கும்பத்தை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவர் நிறத்தைப் பார்க்கவே இல்லை. இடது உள்ளங்கையில் நிறுத்தி, வலது கை விரல் மொட்டால் ஒரு தட்டு. டங் என்று கேட்டது. வெடித்த கலம் அப்படிக் கேட்காது, பொத்தென்று நிற்கும். நாலையும் தட்டினார். மூன்று டங். நாலாவது கொஞ்சம் அமுங்கிய சத்தம். திருப்பிப் பார்த்தால் அடியில் மயிரிழை. அதையே கைக்காவலாக வைத்துக்கொண்டேன்.

வயிற்றில் செங்கல் சிவப்பும் மணல் நிறமும் வளைந்து வளைந்து மேலே ஏறுகின்றன. தோளைத் தாண்டியதும் புகை தொடங்குகிறது. முதலில் சிவப்புக் கோடு கபிலமாகிறது, வெளிர்கோடு சாம்பலாகிறது, வாய்க்கு வரும்போது எல்லாம் கறுப்பு. சாய்ந்த வெயிலில் வைத்துப் பார்த்தால் மட்டும் கறுப்புக்குள்ளே கோடு தெரியும், ஒரு மண் மினுக்கமாகவும் மற்றது மங்கலாகவும். பெரியம்மா வாயைச் சுற்றி விரலை ஓட்டினார். "இஞ்ச மட்டும் நல்லா மிதிச்ச களி மாதிரி இருக்கு" என்றார்.

அறிவிப்புப் பலகை

கும்பங்களுக்குப் பக்கத்தில் வைக்க அவர்கள் எழுதி அனுப்பிய பலகை வாசகத்தில் "இரு கரை மண்ணும் சம அளவில்" என்று இருந்தது. சம அளவு இல்லை. இரண்டு கலவையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வட்டைக் களி 35 சதவீதம், வாவி மண் 45. மிச்சத்தில் பாதி உடைந்த தயிர்ச்சட்டி, பாதி பொரலஸ்கமுவவிலிருந்து மூட்டையில் வந்த வெண்களி. இதைச் சொன்னதும் தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, இவ்வளவு விபரம் யாருக்குத் தேவை என்று கேட்டார்கள். எனக்குத் தேவை என்றேன். சம அளவில் செய்தவை எல்லாம் என் பின்வளவில் ஓடாகக் கிடக்கின்றன. அந்தப் பலகையை நம்பி நாளைக்கு ஒரு பிள்ளை சமமாகக் கலந்து வெடிக்க வைத்தால்? கடைசியில் "இரு கரை மண்ணும் கலந்து" என்று மாற்றினார்கள். தயிர்ச்சட்டித் தூளையும் எழுதுங்கள் என்றேன், அது மண்டபத்துக்குப் பொருந்தாது என்றார்கள்.

மூன்று கும்பங்களும் போய்விட்டன. அடியில் மயிரிழை விழுந்த நாலாவது என் பட்டறை அலுமாரியின் மேல் நிற்கிறது. மார்கழியில் மழை விடாமல் பெய்த ஒரு கிழமை. இரவு பதினொரு மணிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மேலே "டிக்" என்று கேட்டது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தோளுக்குக் கீழே, வெளிர்மண் பட்டையில், மிளகளவு குழி. நடுவில் வெள்ளைப் புள்ளி.

அடுத்த நாள் காலையில் மண்டபத்துக்குப் போய் மூன்று கும்பங்களையும் டோர்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். காவலாளி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சிப்பி என்றேன். அன்றைக்கு ஒன்றும் இல்லை.